உங்களுக்குத் தெரியுமா? நாற்பது டாலர் புல்

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் வந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கும். பின்னால் டிரெய்லர். அதிலிருந்து இரண்டு பேர் இறங்கிப் புல்லை வெட்டி, ஓரங்களைச் செதுக்கி, நடைபாதையில் சிதறியதை ஊதித் தள்ளிவிட்டு அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். "இதுக்கு நாற்பது டாலரா!" என்று மனசு உடனே ரூபாயில் பெருக்கிப் பார்க்கும். அந்த நாற்பது டாலர் அவர்கள் கையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

● அமெரிக்காவில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் பரப்பளவில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு அல்ல, புல்தரைக்கு. நாசா ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வீட்டு வாசல், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,63,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு புல்லையும் யாராவது வெட்டியாக வேண்டும்!

● பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'பெர்முடா புல்' என்ற பெயரில் வாசல்தரையாக இருக்கிறது. வெயிலைத் தாங்கும், மிதித்தால் சாகாது, வெட்ட வெட்டத் தழைக்கும். குளிர் வந்தால் மட்டும் பழுப்பாகி உறங்கிவிடும். புல் உறங்கும் மாதங்களில் வெட்டுகிறவருக்கு வேலை இல்லை. வடமாநிலங்களின் வாசல்களில் நிற்கும் 'கென்டக்கி நீலப்புல்' கென்டக்கிக்கு உரியதல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது குளிருக்குப் பழகியது. கோடை வறட்சியில் உறங்கும். எந்தப் புல்லானாலும் வருமானம் இல்லாத ஒரு பருவம் உண்டு.

● முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அதற்குமுன் புல்லைக் குறைக்க அரிவாள் வேண்டும், அல்லது ஆடு வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறியாடுகளை மேயவிட்டார். வெட்டுக்கூலி மிச்சம். அவற்றின் ரோமத்தை ஏலம் விட்டு வந்த பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. புல்லை வெட்டிச் செலவு போக லாபமும் பார்த்தவர்கள் அந்த ஆடுகள்!

● இனி கணக்கு. ஒருவர் தனியாளாக வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 40 டாலர், ஒரு நாளில் 10 வீடு. கைக்கு 400 டாலர் வருகிறது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்ப 60 மைல் ஓட்டம். வண்டிச் செலவுக்கென்று அமெரிக்க வருமான வரித்துறை 2025-க்கு ஏற்றுக்கொண்ட கணக்கு மைலுக்கு 70 சென்ட். பெட்ரோலும் தேய்மானமும் இன்சூரன்சும் அதில் அடக்கம். ஆக 42 டாலர். புல்வெட்டும் இயந்திரத்தை 10,000 டாலருக்கு வாங்கி 2,000 மணி நேரம் ஓட்டலாம் என்றால், ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 5 டாலர் கரைகிறது. நாளுக்கு ஐந்து மணி ஓடினால் 25 டாலர். இயந்திரங்களுக்குப் பெட்ரோல் 20, பிளேடு, ஆயில், நைலான் நரம்பு 10, தொழில் காப்பீட்டின் ஒருநாள் பங்கு 20. எல்லாம் போக மிச்சம் 283 டாலர்.

அதில் சுயதொழில் வரி சுமார் 40 டாலர். மிச்சம் 243. வருமான வரி இன்னும் கட்டவில்லை. ராத்திரி பிளேடு தீட்டுவது, பில் போடுவது, புது வீட்டுக்கு விலை சொல்லப் போவது என்று கூலியில்லாத இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் பத்து மணி நேர உழைப்பு. மணிக்கு 24 டாலர். மழை பெய்தால் அதுவும் இல்லை.

இந்தச் செலவுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 25 டாலர் தேய்மானத்தை அன்றைக்கு யாரும் வந்து கேட்பதில்லை. பாக்கெட்டிலேயே இருக்கிறது. அதனால் அதைக் கூலி என்று நினைத்துச் செலவழித்துவிடுவார்கள். மூன்றாவது வருடம் எஞ்சின் படுத்தால்தான் அந்தப் பணத்தின் அருமை தெரியும். இந்தத் தொழிலில் நொடித்துப்போகிறவர்களுக்கு வேலை கிடைக்காமல் போவதில்லை. வேலை நிறைய இருக்கும்போதே, தேய்மானத்தைத் தின்று தின்று நொடித்துப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு மனசைப் பிசைகிற உண்மை.

● பக்கத்துத் தெருக்காரர் 30 டாலருக்கு வெட்டுகிறார் என்று இவரும் 30-க்கு இறங்கினால்? விலையில் குறைந்தது கால்பங்கு. செலவு அப்படியே 117 டாலர் நிற்கிறது. மிச்சம் 283-லிருந்து 183 ஆகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடும். அடிமாட்டு விலைக்கு வேலை பிடிக்கிறவரைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்கள். பரிதாபப்பட வேண்டியது அவரைப் பார்த்துத்தான். தன் இயந்திரத்தைத் துண்டு துண்டாக வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

● ஒரே தெருவில் ஐந்து வீடு இருந்தால் டிரெய்லரை ஒருமுறை இறக்கி ஐந்து வீட்டையும் முடிக்கலாம். ஊரின் ஐந்து மூலைகளில் ஐந்து வீடு இருந்தால் பாதி நாள் வண்டிக்குள்ளேயே போய்விடும். அனுபவசாலிகள் தூரத்து வீட்டின் 60 டாலரை விட்டுவிட்டு அடுத்த வீட்டின் 40 டாலரை எடுத்துக்கொள்வது இதனால்தான்.

● புல்வெட்டும் பிளேடின் முனை எவ்வளவு வேகத்தில் சுழலலாம்? அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் வகுத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர்! புல்லுக்குள் கிடக்கும் ஒரு கூழாங்கல் அதில் பட்டால் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். கார் கண்ணாடி போகலாம், பக்கத்து வீட்டு ஜன்னல் போகலாம், ஒரு குழந்தையின் கண்ணும் போகலாம். பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் இறங்குகிறவர் தன் வீட்டையே பணயம் வைத்துத்தான் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்.

● காப்பீடு எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த வண்டிக் காப்பீடு, தொழிலுக்கு ஓட்டும்போது நடந்த விபத்துக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. பொறுப்புக் காப்பீடு அடுத்தவர் நஷ்டத்துக்குத்தான்; டிரெய்லரோடு இயந்திரங்கள் திருடுபோனால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். உங்கள் கைவேலை பட்ட பொருளே கெட்டுப்போனால், உதாரணமாக மருந்தடித்த புல்லே கருகிப்போனால், பல பத்திரங்களில் அதற்கு விலக்கு எழுதப்பட்டிருக்கும். பத்திரத்தின் முதல் பக்கத்தைவிட விலக்குகள் இருக்கும் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

● 2011 கோடையில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளைப் பைன் மரங்கள் நுனியிலிருந்து பழுப்பாகிக் காயத் தொடங்கின. காரணம் பூச்சியோ நோயோ அல்ல. மரத்தடிப் புல்லில் அடித்த களைக்கொல்லி. ட்யூபான் நிறுவனத்தின் 'இம்ப்ரெலிஸ்', 2010-இல் அரசு அனுமதி பெற்று வந்த புது மருந்து. கொஞ்சம் அடித்தால் போதும், சுற்றுச்சூழலுக்கு இதமானது என்று சொல்லி, உரிமம் பெற்ற தொழிலாளிகளுக்கு மட்டுமே விற்றார்கள். அவர்களும் அதை நம்பிச் சொன்னபடி அடித்தார்கள். மருந்து வேர்வழியே மரத்துக்குள் போய்விட்டது.

2011 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. நிறுவனம் மரத்துக்கு மரம் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. அதோடு 2014-இல் 18 லட்சம் டாலருக்கு மேல் அபராதமும் விழுந்தது. மரத்துக்குப் பணம் கிடைத்தது. ஆனால் தாத்தா நட்ட மரம் வாசலில் பட்டு நிற்பதைப் பார்க்கும் வீட்டுக்காரருக்குக் கண்முன் தெரிவது எங்கோ இருக்கும் ட்யூபான் அல்ல. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த ஆள்தான். சொன்னபடி வேலை செய்தும் வாடிக்கையும் பெயரும் போவதற்கு எந்தக் காப்பீட்டில் இடம் இருக்கிறது?

● இதே தொழில், இன்னொரு மருந்து. கலிபோர்னியாவில் பள்ளி வளாகத்தைப் பராமரித்த ஊழியர் ஒருவர், ரவுண்டப் களைக்கொல்லியால் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று மான்சாண்டோ மீது வழக்குத் தொடுத்தார். 2018 ஆகஸ்டில் ஜூரிகள் 28.9 கோடி டாலர் வழங்கச் சொன்னார்கள். மேல்முறையீடுகளில் அது 2.05 கோடிக்கு இறங்கியது. தனியாளாகத் தொழில் செய்கிறவருக்கு மருத்துவக் காப்பீடும் அவர் சொந்தச் செலவுதான். கையுறை, முகமூடிக்கு ஆகும் சில டாலரை மிச்சம் பிடிப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கத் தோன்றுகிறது, அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

● தெற்கே பரவலாக உள்ள 'டிஃப்வே' ரகப் புல் 1960-இல் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானியின் கைவழியே வந்தது. அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல்லும் கலந்த வாரிசு. அது விதை விடாது! ஆகவே கருகிப்போன இடத்தில் விதை தூவிச் சரிக்கட்ட முடியாது. மண்ணோடு பாய்போலப் பெயர்த்து விற்கும் புல்லை விலைகொடுத்து வாங்கிப் பதிக்க வேண்டும். உரம் ஒரு பிடி கூடிப்போனால் ஒரு மாதச் சம்பாத்தியம் அந்தப் பாயில் சுருண்டுவிடும்.

நம்மோடும் அந்த டிஃப்டனுக்கு ஒரு பந்தம் உண்டு. பர்ட்டன் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற கம்பு வரிசையை வைத்துத்தான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு, எச்.பி.-1, வெளிவந்தது. ஒரே மனிதர் கையால் அவர்கள் வாசலுக்குப் புல்லும் நம் வயலுக்குக் கம்பும்!

● பெரம்பலூர், அரியலூர் பக்கத்து விவசாயிகளுக்குப் படைப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு, நம் மக்காச்சோளத்தையும் மொட்டையடித்த புழு. அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2021 கோடையின் கடைசியில் அது வழக்கத்துக்கு மீறிய கூட்டமாக ஒஹாயோ போன்ற வடமாநிலங்களுக்குப் படையெடுத்தது. மாலையில் பச்சையாக இருந்த வாசல், ஓரிரு நாளில் காய்ந்த வைக்கோலாகக் கிடந்தது. வீட்டுக்காரர் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மாசாமாசம் உனக்குப் பணம் கொடுத்தேனே, இதை ஏன் தடுக்கலை?"

● 2012-இல் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்கக் கடும் வறட்சி. புல் உறங்கிவிட்டது. வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு ஜூலையில் வெட்டவே இல்லை, எனவே வரவும் இல்லை. வண்டித் தவணை மட்டும் மழையைப் பார்த்து வருவதில்லை. வருடத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதச் சம்பளம்போல வாங்கும் ஒப்பந்தம் போட்டவர்கள் இந்த மாதிரி வருடங்களில் தாக்குப்பிடிக்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு கவனம் வேண்டும். வேலை அதிகமுள்ள மே மாதத்தில் குறைவாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குளிர்காலத்தில் தருவதாக இருந்த வாடிக்கையாளர் அக்டோபரில் வீட்டை விற்றுப் போய்விட்டால் அந்த மிச்சம் அவரோடு போச்சு.

● புல்லைப் பிடுங்கினால் பணம்! லாஸ் வேகஸ் பகுதிக் குடிநீர் ஆணையம் 1999-இலிருந்து, வாசல்புல்லை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடி நடுபவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறது. 2021-இல் நெவாடா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சட்டமே கொண்டுவந்தது. அந்தப் பகுதியில் சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அலங்காரத்துக்கென்று மட்டும் நிற்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. 2015 ஏப்ரலில் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாகப் பனி மூடியிருக்க வேண்டிய மலைப்புல்வெளியில் காய்ந்த தரைமேல் நின்றுகொண்டு நகர்ப்புற நீர்ச்செலவை 25 சதவீதம் குறைக்க ஆணையிட்டார். 5 கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றுவதும் அதில் ஒரு பகுதி. தண்ணீரை நினைத்தால் சரியான முடிவு. அந்தப் புல்லை நம்பி இயந்திரக் கடன் வாங்கியவர் கற்றாழை, கள்ளிச்செடிப் பராமரிப்பைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

● ஃபுளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டியில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போடத் தடை. மழையில் அடித்துக்கொண்டு போய்க் கடலைக் கெடுக்கிறது என்பதால். உரம் போடும் வருமானத்தில் நான்கு மாதம் கழிந்தது.

● இலையை ஊதித் தள்ளும் பெட்ரோல் இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்டுவது, ஒரு டொயோட்டா கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமமான புகைமூட்ட மாசைக் கிளப்பும் என்று கலிபோர்னியா காற்றுவள வாரியம் கணக்கிட்டது. 2021-இல் சட்டம் வந்தது. 2024 முதல் அங்கே இப்படிப்பட்ட புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கதவு மூடிவிட்டது. இருப்பதை ஓட்டிக்கொள்ளலாம். சிறு தொழில்காரர்கள் மாறுவதற்கு 3 கோடி டாலர் உதவி ஒதுக்கினார்கள். ஆனால் நாள் முழுக்க வெட்டுவதற்கு ஒரு பேட்டரி போதாது, மாற்று பேட்டரிகளும் சார்ஜ் ஏற்ற வசதியும் சேர்ந்தால்தான் செலவின் முழு உருவம் தெரியும்.

● 2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை வரலாற்றில் முதன்முறையாக காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. மார்ச்சில் "இந்த வருடம் முழுக்க 40 டாலர்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கோடை முழுக்க வாக்கைக் காப்பாற்றினார்கள், கைக்காசைப் போட்டு.

● ஆள் வைத்தால்? கூலியோடு செலவு நிற்பதில்லை. சமூகப் பாதுகாப்பு, மருத்துவ நிதிக்கென முதலாளி தன் பங்காக 7.65 சதவீதம் கட்ட வேண்டும். வேலைக்காயக் காப்பீடு தனி. இதைத் தவிர்க்க, ஆளைத் 'தனி ஒப்பந்தக்காரர்' என்று எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. நேரம், இடம், இயந்திரம் எல்லாம் முதலாளி தீர்மானிப்பது என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளிதான். பிடிபட்டால் பழைய பாக்கியும் அபராதமும் ஒன்றாக வரும்.

● பருவ வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை அழைக்கும் எச்-2பி விசாவை அதிகம் பயன்படுத்தும் தொழில், தோட்டம்-புல்தரைப் பராமரிப்பு. சட்டம் வகுத்த வரம்பு வருடத்துக்கு 66,000. பாதிப் பாதியாக இரண்டு அரையாண்டுகளுக்கு. எல்லாருக்கும் ஆள் தேவைப்படுவது ஒரே ஏப்ரலில்! ஜனவரித் தொடக்கத்திலேயே மனுக்கள் குவிந்து, வரிசை குலுக்கல் முறையில் போடப்படுகிறது. குலுக்கலில் பின்னால் விழுந்தவர் ஒப்புக்கொண்ட வேலைக்கு ஆளில்லாமல் நிற்பார். அரசு கூடுதல் விசா அறிவித்தாலும் அது புல்லின் வளர்ச்சியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

● 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் வங்கிகள் கைப்பற்றிய காலி வீடுகளின் புல்லையும் யாராவது வெட்ட வேண்டியிருந்தது. வேலை ஏராளம். ஆனால் வங்கிக்கும் வெட்டுகிறவருக்கும் நடுவே இரண்டு மூன்று இடைத்தரகர்கள். வெட்டுமுன் ஒரு புகைப்படம், வெட்டியபின் ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும். படம் சரியில்லை என்றால் பணம் பிடித்தம். பணம் வரவோ வாரக்கணக்கு. பெட்ரோல் பங்க்கில் அப்படிக் கடன் சொல்ல முடியுமா?

● ஃபுளோரிடாவின் டனீடின் நகரில் புல் 10 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் குற்றம். 2018-இல் ஒருவர், இறந்துபோன தாயாரின் சொத்து விவகாரங்களைப் பார்க்க வெளிமாநிலம் போயிருந்தார். புல் வெட்டக் காசு கொடுத்து ஏற்பாடு செய்திருந்த ஆள் அந்த நேரத்தில் திடீரென இறந்துபோனார். புல் வளர்ந்தது. நாளுக்கு 500 டாலர் வீதம் அபராதம் ஏறி ஏறி 30,000 டாலரை நெருங்கியது. வீட்டையே ஏலம் விட நகரம் முனைந்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. செய்தியில் எல்லாரும் அபராதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த வெட்டுகிற மனிதரின் நினைவுதான் வந்தது. தனியாளாக நடக்கும் தொழிலில் அவர் படுத்தால் அவருக்குப் பதில் வேறு ஆள் இல்லை. வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லக்கூட ஆள் இல்லை.

● அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் எல்லா வகைத் தொழில்களிலும் சுமார் ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடுகிறது, ஐந்து வருடத்தில் ஏறத்தாழ பாதி.

● சுயதொழில் வரி 15.3 சதவீதம். வருடத்துக்கு 400 டாலர் நிகர வருமானம் தாண்டினாலே கட்ட வேண்டும். சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டிவிடுகிறார். இவருக்கு இவரே முதலாளி, இவரே தொழிலாளி, இரண்டு பாதியும் இவருடையது. வருமான வரியோடு சேர்த்து நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நாற்பது டாலரிலும் பத்து டாலரைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அது தங்கள் பணமே அல்ல என்று மறந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கடைசித் தேதிதான் கண்டம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இலை வாரிச் சம்பாதித்ததற்கான வரி அது. அந்தப் பணம் நவம்பரிலேயே வண்டித் தவணைக்கும் வீட்டு வாடகைக்கும் போயிருக்கும். மினசோட்டாவிலோ ஒஹாயோவிலோ ஜனவரி 15 அன்று டிரெய்லர்மேல் பனி குவிந்து கிடக்கும். அடுத்த புல் ஏப்ரலில்தான்.